தராசு ஒன்று, கழிவு இரண்டு: வாய் திறக்கும் வீராங்கனைக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு?

தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து மடுவத்தில், அதாவது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில், மாலை நிறுவையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கொழுந்துச் சாக்கு கொக்கியில் தொங்கும். முள் 21இல் வந்து நிற்கும். கணக்கப்பிள்ளை புத்தகத்தில் 18 என்று எழுதுவார். சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ என்று கழித்துவிடுவார். இதற்குப் பெயர் கழிவு. சின்ன வயதில் அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்கைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற ஒரு நாளில், வரிசையில் முன்னால் நின்ற பெண் கேட்டுவிட்டாள்: "இன்றைக்கு மழையே பெய்யவில்லையே ஐயா, ஈரம் எங்கிருந்து வந்தது?" அவர் தலையைத் தூக்கவில்லை. "அடுத்த ஆள்" என்றார். வரிசையில் நின்ற மற்றப் பெண்கள் அவரை முறைக்கவில்லை. கேள்வி கேட்டவளைத்தான் முறைத்தார்கள். இவளால் எல்லோருக்கும் நேரம் போகிறது என்பது அவர்கள் கோபம்.

அந்தத் தராசில் பிழை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யார் கொழுந்தைத் தொங்கவிட்டாலும் முள் சரியாகத்தான் காட்டும். முள் நின்ற பிறகு, பேனா புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் உள்ள அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடக்கிறது. இரட்டை அளவுகோல் என்ற சொல்லை முதல் முறையாகக் கேட்பவர்களுக்கு நான் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன்.

ஒரே செயலை இருவர் செய்கிறார்கள். செயலைப் பார்க்காமல் செய்தவர் யார் என்பதைப் பார்த்து, ஒருவருக்கு ஒரு தீர்ப்பும் மற்றவருக்கு வேறொரு தீர்ப்பும் சொல்கிறோம். இரட்டை அளவுகோல் என்பது இவ்வளவுதான். பாட்டிமாருக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்று அவர்கள் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார்கள். சட்டி ஒன்றுதான், உடைத்த கைதான் வேறு.

இதை இரட்டை வேடத்தோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. இரட்டை வேடம் போடுகிறவனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்பது தெரியும். முன்னால் ஒன்று பேசிப் பின்னால் வேறொன்று செய்வான். இரட்டை அளவுகோலை எடுப்பவருக்கு அது பெரும்பாலும் தெரியாது. தன் கையில் இருப்பது ஒரே ஒரு கோல் என்றுதான் அவர் மனதார நம்புவார். அதனால்தான் இதைச் சுட்டிக்காட்டும்போது அவருக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

இனி விளையாட்டுக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் ஏப்ரல் புத்தாண்டை ஒட்டித் தோட்டங்களுக்கிடையே கரப்பந்தாட்டப் (வொலிபோல்) போட்டி நடக்கும். மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய மைதானம். பந்து கொஞ்சம் பலமாகப் போனால் தேயிலைச் செடிக்குள் இறங்கித் தேட வேண்டும். அங்கே புள்ளி எழுதும் வேலை பல ஆண்டுகளாக என்னுடையது. மேசை, குடை, இரண்டு பேனா. நடுவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பதால், மைதானத்தில் யார் என்ன பேசினாலும் என் காதில் விழும்.

ஓர் ஆண்டு ஆண்கள் ஆட்டமும் பெண்கள் ஆட்டமும் ஒரே நாளில் நடந்தன. நடுவரும் ஒருவரே. ஆண்கள் ஆட்டத்தில் எல்லைக்கோட்டுக்கு அருகே விழுந்த பந்தை வெளியே என்று கொடி காட்டினார்கள். அணித்தலைவன் பாய்ந்து போய் நடுவர் நின்ற ஏணியைப் பிடித்து ஆட்டினான். "கண் தெரியவில்லையா சேர்?" என்று கத்தினான். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். நான் அதைத் தாளில் குறித்தேன். கூட்டத்துக்கோ ஒரே குதூகலம், விசில் பறந்தது.

பிற்பகல் பெண்கள் ஆட்டம். அதே மூலை, ஏறக்குறைய அதே மாதிரிப் பந்து. கோட்டில் கிடந்த சுண்ணாம்பு தூசியாகக் கிளம்பியதை நானும் பார்த்தேன். கொடி வெளியே என்றது. அணித்தலைவி கையைத் தூக்கினாள், நடந்து வந்தாள், ஏணிக்கு ஓரடி தள்ளி நின்றாள். "சேர், பந்து கோட்டில் பட்டதாக எங்களுக்குத் தோன்றுகிறது. விளக்கம் சொல்ல முடியுமா?" என்று கேட்டாள். கரப்பந்தாட்ட விதியை அறிந்தவர்களுக்குத் தெரியும்: களத்தில் இருக்கும்போது நடுவரிடம் பேசவும், ஒரு தீர்ப்புக்கு விளக்கம் கேட்கவும் அணியில் ஒருவருக்கு மட்டுமே உரிமை உண்டு, அது அணித்தலைவருக்கு. அவள் கேட்டது சலுகை இல்லை. விதி அவளிடம் ஒப்படைத்த வேலை. நடுவர் விளக்கம் சொன்னார், அவள் தலையசைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அட்டை எதுவும் இல்லை. தாளில் எழுத எனக்கும் ஒன்றும் இல்லை.

கூட்டத்தில் எழுத வேண்டியதை எழுதிவிட்டார்கள். "வாயாடி" என்று ஒரு குரல். "தோட்டக்காட்டுப் பிள்ளைக்கு எத்தனை வாய் பார்த்தீர்களா?" என்று நகரத்திலிருந்து வந்திருந்த ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். பரிசளிப்பில் பிரதம விருந்தினர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, ஆண்கள் அணித்தலைவனிடம் காணப்பட்ட துடிப்புத்தான் தலைமைத்துவம் என்றார். வெற்றிக்கிண்ணத்தை அவளிடம் கொடுக்கும்போது, விளையாட்டோடு கொஞ்சம் அடக்கத்தையும் பழகிக்கொள்ளும்படி புத்தி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிரவு புள்ளித்தாளை மடித்து வைக்கும்போதுதான் கண்ணில் பட்டது: மஞ்சள் அட்டை இருந்தது அவன் பெயருக்கு எதிரே. அவள் பெயருக்கு எதிரே ஒரு குறிகூட இல்லை.

சொல்லுக்குள் இருக்கும் எடை

முதலில் தண்டனையைத் தேடாதீர்கள், சொல்லைத் தேடுங்கள். இரட்டை அளவுகோல் தண்டனைச் சீட்டில் அகப்படுவதற்கு வெகு முன்பே நம் வாயில் அகப்பட்டுவிடும்.

வாயாடி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கணப்படி அது ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். ஒரு வளர்ந்த ஆணை யாராவது வாயாடி என்று திட்டி நீங்கள் எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்? அடங்காப்பிடாரி, பஜாரி என்பவற்றுக்கு ஆண்பால் கிடையாது. ஆணுக்கு என்று இருப்பது சண்டியன். அதுவும் வசைதான், ஆனால் அதற்குள் அரைவாசி வியப்பு இருக்கிறது. "அவன் ஊரில் பெரிய சண்டியன்" என்று சொல்பவரின் முகத்தைப் பாருங்கள், லேசான பெருமிதம் தெரியும். பஜாரி என்று சொல்பவரின் முகத்தில் அது தெரியாது. கோபப்படும் ஆண் "கோபக்காரன், ஆனால் மனம் வெள்ளை." கோபப்படும் பெண்ணின் மனம் என்ன நிறம் என்று யாரும் விசாரிப்பதில்லை. அவளுக்குத் திமிர் என்பதோடு விசாரணை முடிந்துவிடும்.

இது தமிழுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் காலத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம், விளையாட்டு பற்றிய ஆங்கில எழுத்துகளிலிருந்து 16 கோடிக்கும் அதிகமான சொற்களை எடுத்து அலசிப் பார்த்தது. வீரர்களோடு அதிகம் ஒட்டி வந்தவை வேகம், பலம் போன்ற சொற்கள். வீராங்கனைகளோடு ஒட்டி வந்தவை வயது, கர்ப்பம், திருமணமானவர், ஆகாதவர் என்பன. ஒருவருக்கு அவர் செய்ததைப் பற்றிப் பேச்சு, மற்றவருக்கு அவர் வீட்டைப் பற்றிப் பேச்சு.

நியூயோர்க்கில் இரண்டு வாரம்

உலக அளவில் இந்த விவாதம் பெரிதாக வெடித்தது 2018 அமெரிக்கப் பகிரங்க டென்னிஸ் போட்டியில். அந்த இரண்டு வாரத்துக்குள் மூன்று சம்பவங்கள் நடந்தன. ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

முதலாவது எளிதானது. கடும் வெயில். பிரெஞ்சு வீராங்கனை அலிஸே கோர்னே இடைவேளை முடிந்து களத்துக்கு வந்தபோது சட்டையை முன்பின் மாற்றிப் போட்டிருப்பதைக் கண்டார். அங்கேயே நொடியில் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டார். நடுவர் விதிமீறல் என்று எச்சரித்தார். ஆண்கள் அதே களத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்திருப்பார்கள். கண்டனம் எழுந்ததும் ஏற்பாட்டாளர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். இது வெளிப்படையான இரட்டை அளவுகோல். பார்த்ததும் பிடிபடும், திருத்துவதும் சுலபம்.

இரண்டாவது, அவுஸ்திரேலிய வீரர் நிக் கிர்ஜியோஸ் ஆடிய ஆட்டம். அவர் மனம் ஒட்டாமல் ஆடிக்கொண்டிருந்தார். நடுவர் முகமது லஹ்யானி தன் உயர்ந்த நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, குனிந்து, தேற்றுவதுபோல் பேசினார். அதன்பின் கிர்ஜியோஸ் ஆட்டத்தை வென்றார். இதற்காக அந்த நடுவர் மீது பின்னர் நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது, செப்டெம்பர் 8ஆம் திகதி இறுதியாட்டம். செரீனா வில்லியம்ஸும் 20 வயது நவோமி ஒசாகாவும் மோதினார்கள். அரங்கிலிருந்து பயிற்றுவிப்பாளர் விதிக்கு மாறாகச் சைகை காட்டினார் என்று நடுவர் கார்லோஸ் ராமோஸ் செரீனாவுக்கு முதல் எச்சரிக்கை கொடுத்தார். பின்பு செரீனா மட்டையை அடித்து உடைத்தார். ஒரு புள்ளி போனது. தன்னை ஏமாற்றுக்காரி ஆக்கிவிட்டதாகக் கொதித்து, புள்ளியைத் திருடிய திருடர் என்று நடுவரைச் சொன்னார். அதற்கு முழு ஒரு 'கேம்' பறிபோனது. 6-2, 6-4 என்று ஒசாகா வென்றார். செரீனாவுக்கு 17,000 டொலர் அபராதம்.

இங்கேதான் தொடக்கநிலையாளர்கள் தடுக்கி விழுவார்கள். ஒரு தரப்பு, செரீனா எந்தப் பிழையும் செய்யவில்லை என்று வாதாடப் புறப்படும். செய்தார். மட்டை உடைந்தது உண்மை. சைகை காட்டியதைப் பயிற்றுவிப்பாளரே ஒப்புக்கொண்டார். ராமோஸ் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். ஆண் வீரர்களான நடாலும் ஜோகோவிச்சும் அவரிடம் எச்சரிக்கை வாங்கியிருக்கிறார்கள். மறுதரப்பு, விதி விதிதானே, பேச்சு முடிந்தது என்று எழுந்து போகும். பேச்சு அங்கே முடிவதில்லை. ஆட்டம் முடிந்த பிறகு முன்னாள் அமெரிக்க வீரர் ஜேம்ஸ் பிளேக் பகிரங்கமாக ஒன்றை ஒப்புக்கொண்டார். தான் அதைவிட மோசமாகப் பேசியிருப்பதாகவும், தண்டனை வரவில்லை என்றும், சில வேளைகளில் நடுவர் மெதுவாக 'இத்தோடு நிறுத்திக்கொள், இல்லாவிட்டால் எழுத வேண்டி வரும்' என்ற வகையில் முன்கூட்டியே சொல்லிவிடுவார் என்றும் சொன்னார்.

மடுவம் நினைவுக்கு வருகிறதா? அந்த மெல்லிய எச்சரிக்கைதான் முள்ளுக்கும் பேனாவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

இதனால்தான் இந்த விஷயத்தில் வெறும் எண்ணிக்கையை மட்டும் காட்டி வாதாடுவது ஆபத்து. அந்த ஆட்டத்தின் பின் அமெரிக்க ஊடகங்கள் 1998 முதல் 2018 வரையான கிராண்ட் ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகள்) அபராதங்களை வெளியிட்டன: ஆண்களுக்கு 1,517, பெண்களுக்கு 535. மட்டையை உடைத்ததற்காக ஆண்கள் அறுநூறு தடவைக்கு மேல், பெண்கள் நூறுக்கும் குறைவு. 'பார்த்தீர்களா, ஆண்கள்தான் கூடத் தண்டிக்கப்படுகிறார்கள்' என்று உடனே கை தட்டினார்கள். ஆண்கள் கூடுதலாக மட்டை உடைத்திருக்கலாம். அவர்கள் ஆடும் ஐந்து செட் ஆட்டம் நீளமானது. எத்தனை பேர் உடைத்தும் தப்பினார்கள், எத்தனை பேருக்கு மெதுவாகச் சொல்லப்பட்டது என்பது அந்த எண்ணுக்குள் இல்லை. செரீனாவுக்கு அநியாயம் நடந்தது என்பதையும் அந்த எண் நிரூபிக்காது, நடக்கவில்லை என்பதையும் நிரூபிக்காது. புத்தகத்தில் 18 என்று எழுதியிருப்பதை வைத்துக்கொண்டு சாக்கில் எத்தனை கிலோ இருந்தது என்று சொல்ல முடியுமா?

எனக்குத் தோன்றுவது இது: அந்த ஆட்டத்தின் மூன்று தண்டனைகளைவிட, அதற்குப் பிந்திய பேச்சுதான் அளவுகோலைக் காட்டிக்கொடுத்தது. மெல்பேர்ணில் வெளியாகும் ஒரு நாளிதழ், செரீனாவை அடம்பிடித்துத் துள்ளும் பிள்ளையாக, பக்கத்தில் ஒரு சூப்பியும் கிடப்பதாகக் கேலிச்சித்திரம் போட்டது. உதடும் உடம்பும் கறுப்பினத்தவரைப் பழிக்கும் பழைய பாணியில் இருந்ததாக உலகெங்கும் கண்டனம் வந்தது. பத்திரிகைப் பேரவை அதில் விதிமீறல் இல்லை என்றது. இன்னொரு பக்கம் அமெரிக்க டென்னிஸ் வீரர் ஜோன் மெக்கன்ரோவை நினைத்துப் பாருங்கள். 1981இல் விம்பிள்டனில் நடுவரை நோக்கி, விளையாடுகிறீர்களா என்ற பொருளில் அவர் கத்திய வசனம் டென்னிஸ் உலகின் செல்லப் பழமொழி ஆயிற்று. விளம்பரங்களில்கூட அதையே சொல்லிச் சம்பாதித்தார். அவருக்குத் தண்டனையே இல்லையா? இருந்தது. 1990 அவுஸ்திரேலியப் பகிரங்கப் போட்டியில் ஆட்டத்தின் நடுவிலேயே வெளியேற்றப்பட்டார். ஆனால் காலம் போகப் போக அவருடைய கோபம் வேடிக்கையாகப் பழுத்தது. செரீனாவின் கோபம் அப்படிப் பழுக்குமா என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

அதே ஒசாகாவுக்கு மூன்று ஆண்டுகள் கழித்து என்ன நடந்தது என்பதும் கவனிக்கத் தக்கது. 2018இல் செரீனாவின் பக்கத்தில் நிறுத்தி, என்ன அமைதி, என்ன பணிவு என்று புகழப்பட்டவர் அவர். 2021 பிரெஞ்சுப் பகிரங்கப் போட்டியில், மனநலம் கருதிச் செய்தியாளர் சந்திப்புக்கு வரமாட்டேன் என்றார். 15,000 டொலர் அபராதம், தொடர்ந்தால் வெளியேற்றுவோம் என்ற எச்சரிக்கை. அவர் போட்டியிலிருந்தே விலகினார். செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளை என்ற பேச்சு அப்போது எழுந்தது. பேசினால் வாயாடி, பேசாவிட்டால் கர்வி.

75க்கு 75

டென்னிஸ் நம் ஊர்த் தேநீர்க்கடைப் பேச்சு இல்லை. கிரிக்கெட்டுக்கு வருவோம்.

1999 ஜனவரி 23, அடிலெய்ட். இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டம். கண்டி மண்ணின் பிள்ளையான முத்தையா முரளிதரன் பந்து வீசியபோது, எறிகிறார் என்று நடுவர் ரோஸ் எமர்சன் 'நோபோல்' சொன்னார். இலங்கை அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க விரலை நீட்டி நடுவரோடு வாதாடினார், அணியை எல்லைக்கோட்டை நோக்கி நடத்திச் சென்றார், ஆட்டம் நின்றது. பிறகு தொடர்ந்தது, இலங்கை ஒரு விக்கெட்டால் வென்றது. ரணதுங்கவுக்குக் கிடைத்தது ஆட்ட ஊதியத்தில் 75 சதவீத அபராதமும், ஒத்திவைக்கப்பட்ட ஆறு ஆட்டத் தடையும். அதாவது, அந்தத் தடையை அவர் உடனே அனுபவிக்க வேண்டியதில்லை.

2023 ஜூலை 22, டாக்கா. பங்களாதேஷுக்கு எதிரான ஒருநாள் ஆட்டம். ஆட்டமிழந்ததாக அறிவிக்கப்பட்ட இந்திய அணித்தலைவி ஹர்மன்பிரீத் கவுர் மட்டையால் விக்கெட்டை அடித்தார். சமநிலையில் முடிந்த ஆட்டத்துக்குப் பிறகு, ஒலிவாங்கிக்கு முன்னால் நடுவர்களின் தரத்தைக் கடுமையாகச் சாடினார். அவருக்கும் ஆட்ட ஊதியத்தில் 75 சதவீத அபராதம். கூடவே இரண்டு ஆட்டத் தடை. அதை அவர் அனுபவித்தே தீர்ந்தார்.

இரண்டையும் அப்படியே தராசின் இரு தட்டிலும் வைக்கக் கூடாது. நடுவில் 24 ஆண்டுகள். விதிகள் மாறிவிட்டன. ரணதுங்க இன்னொருவருக்காக எழுந்து நின்றார், ஹர்மன்பிரீத் தன் விக்கெட்டுக்காகக் கொதித்தார். இது சின்ன வேறுபாடு இல்லை. விக்கெட்டை அடித்தது பிழை என்றே நானும் சொல்வேன். ஆண்களுக்கு இது மாதிரி விழுவதே இல்லை என்றும் சொல்ல முடியாது: 2021இல் டாக்கா லீக் ஆட்டமொன்றில் விக்கெட்டை உதைத்துப் பிடுங்கிய ஷகிப் அல் ஹசனுக்கு மூன்று ஆட்டத் தடை விதிக்கப்பட்டது.

ஆனாலும் எங்கள் ஊர்த் தேநீர்க்கடையில் உட்கார்ந்து பாருங்கள். ரணதுங்கவின் அந்த விரல் இன்றைக்கும் பேசப்படுகிறது. முரளிக்காக நின்ற மனிதன் என்று சொல்லும்போது முதியவர்களின் குரல் தழுதழுக்கும். அபராதம் எவ்வளவு என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை, அதைக் கேட்பதே அவருக்கு அவமரியாதை. அதே கடையில் 2023இல் ஹர்மன்பிரீத்தின் காணொளியைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு ஒருவர் சொன்னார்: "இதெல்லாம் ஒரு பெண்பிள்ளை செய்கிற வேலையா?" அவர் சொன்னதை ஒரு தடவை திரும்பப் படியுங்கள். ஓர் அணித்தலைவர் செய்கிற வேலையா என்று கேட்டிருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது ஒரே கோல், ரணதுங்கவுக்கும் வைக்கலாம். பெண்பிள்ளை என்ற ஒரு சொல்லை உள்ளே நுழைத்ததும் கோல் இரண்டாகிவிட்டது.

நம் நாட்டின் ஓட்ட வீராங்கனை சுசந்திகா ஜயசிங்கவை மறந்துவிட்டு இதை எழுத முடியாது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரில் வெண்கலம். தங்கம் வென்ற மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கியபின் அது வெள்ளியாக உயர்ந்தது. 1948இல் டங்கன் வைட்டுக்குப் பிறகு இலங்கைக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம். அதிகாரத்தில் இருந்தவர்களால் தனக்கு நேர்ந்த தொல்லைகளை அவர் மறைக்காமல் பேசினார். 2017இல் மாதாந்தக் கொடுப்பனவு நின்றபோது பதக்கத்தையே விற்கப்போவதாக அறிவித்தார். சண்டைக்காரி என்ற பட்டம் அவரை விட்டு அகலவே இல்லை. அவர் சொன்னது சரியா பிழையா என்ற கேள்வி எப்போதும் இரண்டாவதாகத்தான் வந்தது. சொன்ன தொனி முதலில் வந்தது.

"அவள் செய்தது பிழைதானே?"

இந்தக் கேள்வியை யாராவது கட்டாயம் கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஒரு வீராங்கனை விமர்சிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அது இரட்டை அளவுகோல் ஆகிவிடாது. பெண் என்பதற்காகப் பிழையை மன்னிக்கச் சொன்னால் அதுவும் இரண்டாவது கோல்தான்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு, செலவில்லாதது. நீங்கள் சொன்ன வாக்கியத்தில் பெயரை மாற்றுங்கள். செரீனாவை எடுத்துவிட்டு மெக்கன்ரோவை வையுங்கள். வாக்கியம் அப்படியே நின்றால் உங்கள் கோல் ஒன்றுதான். "ஓர் ஆண்பிள்ளை இப்படிப் பேசலாமா, கொஞ்சம் சிரித்த முகமாக இருக்கக் கூடாதா?" என்று எழுதிப் பாருங்கள். சிரிப்பு வருகிறது அல்லவா? அந்தச் சிரிப்பு வரும் இடத்தில்தான் கழிவு ஒளிந்திருக்கிறது.

இந்தச் சோதனை எதிர்த் திசையிலும் வேலை செய்யும். தோற்றுப்போன பையன் மைதான ஓரத்தில் அழுதால், "பெண்பிள்ளை மாதிரி அழாதே" என்கிறோம். அவனுக்குக் கோபத்தைக் கொடுத்துவிட்டோம், கண்ணீரைப் பறித்துக்கொண்டோம். அதேபோல் வாய் திறக்கும் ஆண்கள் எல்லோரும் கொண்டாடப்படுகிறார்கள் என்றும் நினைக்கக் கூடாது. 2016இல் இனவெறிக்கு எதிராகத் தேசிய கீதத்தின்போது முழங்காலிட்ட அமெரிக்கக் கால்பந்து வீரர் கொலின் கப்பர்னிக்குக்கு அதற்குப் பிந்திய பருவத்திலிருந்து எந்த அணியும் இடம் கொடுக்கவில்லை. பால் மட்டும் இல்லை, நிறம், இனம், ஊர், வர்க்கம் எல்லாமே தனித்தனியாகக் கழிவு வைக்கும். செரீனாவுக்குப் பெண் என்பதற்கு ஒன்று, கறுப்பினத்தவர் என்பதற்கு ஒன்று. எங்கள் அணித்தலைவிக்குப் பெண் என்பதற்கு ஒன்று, தோட்டம் என்பதற்கு ஒன்று. சாக்குக்கும் ஈரத்துக்கும் தனித்தனியே கழித்த மாதிரி.

கழிவு வைப்பவர்கள் ஆண்கள் மட்டும்தானா என்றால், இல்லை. 2023இல் இந்திய மல்யுத்த வீராங்கனைகள் சம்மேளனத் தலைவருக்கு எதிராகப் பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டோடு டெல்லித் தெருவில் அமர்ந்தபோது, வீதிக்கு வந்தது ஒழுக்கமின்மை என்று சொன்னவர் இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவி பி.டி. உஷா. ஓடுகளத்தில் ஒரு தலைமுறைப் பெண்களுக்கு வழிகாட்டியவர் அவர். சில நாள் கழித்துப் போராடியவர்களை நேரில் போய்ச் சந்தித்தார் என்பதும் உண்மை. மடுவத்து வரிசையில் நின்று முறைத்த பெண்களை நான் மறக்காதது இதனால்தான்.

சட்டத்தைத் திருத்தினால் சரியாகிவிடாதா? ஓரளவு சரியாகும். எழுதி வைத்த வேறுபாட்டை அழிப்பது சாத்தியம் என்பதற்கு நாமே சாட்சி. தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் பெண்ணின் சம்பளம் ஆணின் சம்பளத்தைவிடக் குறைவாக இருந்தது. 1984இல் அது சமமாக்கப்பட்டது. விம்பிள்டன் பெண்களுக்குச் சம பரிசுத்தொகை கொடுத்தது 2007இல். இந்த ஒரு விஷயத்தில் தேயிலைத் தோட்டம் விம்பிள்டனை 23 ஆண்டுகள் முந்திவிட்டது என்று நான் கொஞ்சம் கர்வத்தோடு சொல்லிக்கொள்வேன். (அமெரிக்கப் பகிரங்கப் போட்டி 1973இலேயே கொடுத்துவிட்டது, அதை மறைக்கக் கூடாது.) ஆனால் சம்பளம் சமமான பிறகும் கவ்வாத்து வெட்டும் (தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்) ஆண் தன் அளவை முடித்துவிட்டு மதியமே வீடு திரும்புவதும், கொழுந்து எடுக்கும் பெண் மாலை நிறுவைக்கு வரிசையில் நிற்பதும் எங்கள் பக்கத்தில் வழக்கம்.

எழுதாத கழிவின் விலை என்ன என்பதை நான் போன ஆண்டு கண்டேன். அந்த அணித்தலைவி இப்போது ஆடுவதில்லை. கல்யாணமாகிக் கொழும்புப் பக்கம் போய்விட்டாள். அவளுடைய தங்கைதான் அணியை நடத்துகிறாள். கடைசி செட், எதிரணிக்கு 24, எங்களுக்கு 23. எங்கள் பிள்ளைகளின் பக்கத்தில் விழுந்த பந்து ஒரு சாண் வெளியே. என் மேசைக்கு நேர் முன்னால் விழுந்தது, நான் பார்த்தேன். கொடி உள்ளே என்றது. தங்கை நடுவரைப் பார்த்தாள். கை தோள்வரைக்கும் உயர்ந்தது. பிறகு கூட்டத்தின் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். உயர்ந்த கையால் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு, தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள்.

எதிரணிக்கு 25 என்று நான்தான் எழுதினேன். நல்ல அடக்கமான பிள்ளை, அக்காவைப் போல இல்லை என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.